டிஸ்கோ எலிசியம்: பேலை உண்டாக்கியது நாம்தானா? குச்சிப்பூச்சியின் சாட்சியம் செல்லுமா?

பச்சைத்தேநீர்:

கேமை முடிக்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள். தீவு, கொலையாளி, கடைசிக் காட்சி எல்லாம் கீழே வரப்போகிறது.

2019 அக்டோபரில் வந்த கேம். குடித்துக் குடித்து நினைவிழந்த ஹாரி என்ற போலீஸ் துப்பறிவாளன், கிம் என்ற சக அதிகாரியோடு சேர்ந்து ஒரு கொலையை விசாரிப்பதுதான் கதை. இத்தனை வருடம் கழித்தும் எந்தக் குழுவில் போய்ப் பார்த்தாலும் ஒரு கருத்தைத் தீர்ப்பு மாதிரியே சொல்கிறார்கள்: "பேல் மனிதர்களால் உண்டானது, கதையின் அடிப்படை ரகசியமே அதுதான்." ஆதாரம் கேட்டால் எல்லோரும் கூண்டில் ஏற்றுவது ஒரே சாட்சியைத்தான். கடைசி நாளில் நாணலுக்குள்ளிருந்து எழுந்து நிற்கும் இன்சுலிண்டியன் ஃபாஸ்மிட். அந்த ராட்சதக் குச்சிப்பூச்சி ஹாரியிடம் சொல்வதன் சாரம் இவ்வளவு: மனிதர்கள் நீங்கள் வருவதற்கு முன்னால் பேல் இருந்ததாக எந்த உயிருக்கும் ஞாபகமில்லை; நீங்கள் எங்கள் எல்லோரையும் அழித்துவிடுவீர்கள் என்பதில் பறவைகளும் தாவரங்களும் கிட்டத்தட்ட ஒரே கருத்தில் இருக்கின்றன.

மறந்தவர்களுக்காகப் பேலைப் பற்றி ஒரு வரி. அந்த உலகத்தில் நிலப்பகுதிகளுக்கு நடுவே இருப்பது வெறும் கடல் இல்லை, பேல். நிறம் கிடையாது, மணம் கிடையாது, உள்ளே போகப் போகக் கணிதமே வேலை செய்யாது. உலகப் பரப்பில் 72 சதவீதம் அதுதான். படகில் உட்கார்ந்துகொண்டு ஜாய்ஸ் மெஸ்ஸியே என்ற பெண்மணி இதை நிதானமாக விளக்குவார். சிதைந்துபோன பழைய தகவல்தான் பேல், நீர்த்துப்போன கடந்தகாலம் என்று சிலர் நினைப்பதாகவும் அவரே சொல்வார்.

இப்போது என் சந்தேகம். ஃபாஸ்மிட் பேசியது எங்கே? ஹாரியின் மண்டைக்குள். இந்த ஆள் சொந்த டையோடு வாக்குவாதம் செய்பவன். தெருவில் நிற்கும் தபால் பெட்டிக்கு ஆறுதல் சொல்பவன். அவன் மண்டைக்குள் 24 திறன்கள், ஆளுக்கொரு குரலில் பேசுகின்றன. அவை நம்மிடம் பொய் சொல்லும் என்று கேமே ஒரு முறை நேரடியாகச் சொல்லிவிட்டது. சந்தேக வளையத்தில் இருக்கும் க்ளாஸ்யே என்ற பெண்ணை விசாரிக்கும்போது வொலிஷன், அதாவது மனவுறுதித் திறன், குறுக்கே வந்து, மற்றவர்கள் எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள், இவர்கள் பேச்சைக் கேட்காதே என்கிறது. அதுவரை அந்தக் குரல்கள் கொடுத்த குறிப்பை வேதவாக்காக எடுத்து விசாரணை நடத்திக்கொண்டிருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்படி ஒரு காட்சியை வைத்துவிட்டு, கடைசியில் அதே மண்டைக்குள் ஒரு பூச்சி பேசினால் அதை மட்டும் சத்தியப்பிரமாணமாக எடுத்துக்கொள்ளச் சொல்வார்களா? பூச்சி உண்மை. கிம் படம் எடுத்துவிட்டார். பேச்சு வேறு விஷயம்.

மூணாவது சேவ்:

நல்ல வாதம்தான் நண்பா, ஆனால் பிணத்தை மறந்துவிட்டீர்கள்.

கொலையாகித் தூக்கில் தொங்கியவனோடு ஹாரி கற்பனையில் பேசுகிறான் இல்லையா? உன்னைக் கொன்றது யார் என்று கேட்டால் பிணம் இரண்டு பதில் தரும். கம்யூனிசம் கொன்றது. காதல் கொன்றது. முதல் தடவை இதை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள், குடிகாரன் உளறல் என்று கடந்துபோய்விடுவோம். பிறகு தீவில் யாரைப் பிடிக்கிறோம்? தோற்றுப்போன புரட்சிப் படையின் பழைய அரசியல் அதிகாரி. நாற்பது வருடத்துக்கு மேல் ஒளிந்திருந்தவன். ஜன்னல் வழியாக க்ளாஸ்யேவைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பழைய துப்பாக்கியால் சுட்டவன். கம்யூனிசமும் காதலும், இரண்டுமே சரி.

பிணத்தைப் பேசவைத்த கற்பனைத் திறனான இன்லாண்ட் எம்பயருக்கு இது எப்படித் தெரிந்தது? கைரேகை பார்த்தா? ஆக, மண்டைக்குள் கேட்பதெல்லாம் மண்டைக்குள்ளேயே முளைத்தது என்று சொல்ல வழியில்லை. ஃபாஸ்மிட் விஷயத்திலும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

ராப்பாடி:

எதற்கு இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? ஹாரி முதல் காட்சியிலேயே செத்துவிட்டான். கறுப்புத் திரை, ஆதி மூளையின் குரல், "எழுந்திருக்காதே" என்று கெஞ்சல். மிச்சமெல்லாம் சாகும் மூளை ஓட்டும் படம். பேல் என்பது மூளை அணைவது. எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிடும்.

வெள்ளைப்பகடை:

ராப்பாடி, எந்தக் கேமுக்குத்தான் இந்தத் தியரி பொருந்தாது? ஃபைனல் ஃபேன்டசி 8 வந்தபிறகு ஸ்குவால் முதல் டிஸ்கிலேயே செத்துவிட்டான் என்று ஊரே பேசியது. மாஸ் எஃபெக்ட் 3 முடிவு பிடிக்காதவர்கள் ஷெப்பர்டின் மூளை வசியப்பட்டுவிட்டது என்றார்கள். அவற்றுக்காவது குறிப்பிட்ட காட்சிகளைப் பிடித்து வாதாடினார்கள். இங்கே என்ன இருக்கிறது?

அவன் தலைக்குள்தான் எல்லாம் என்றால் கிம் கிட்சுராகி எங்கிருந்து வந்தார்? அந்தக் குடிகார மூளையால் அவ்வளவு ஒழுங்கான மனிதனைக் கற்பனை செய்யவே முடியாது. அது போதும் எனக்கு.

ராப்பாடி:

சரி, அந்தக் கடைசி வரிக்குப் பதில் இல்லை. 😄

கணக்கப்பிள்ளை:

ஃபாஸ்மிட்டை ஓரமாக வையுங்கள். மனிதனுக்கும் பேலுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட அந்தப் பூச்சியே தேவையில்லை, சர்ச் போதும்.

கடற்கரை மரச் சர்ச்சில் சூனா என்ற புரோகிராமர் கருவிகளை வைத்து உட்கார்ந்திருப்பார். கூரைக்குக் கீழே ஓர் இடத்தில் சத்தம் செத்துப்போகிறது. ஒலிக்கருவிகளை வைத்து மெல்ல மெல்ல நெருங்கிப் பார்த்தால் கிடைப்பது சுமார் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள மௌனம். அவ்வளவுதான். அந்த ஓட்டைதான் பேல் முளைக்கும் இடம் என்பது சூனாவின் முடிவு. அவர் வேலை பார்த்த ஃபோர்ட்ரெஸ் ஆக்ஸிடென்ட் என்ற கேம் நிறுவனத்தின் தரவையும் அதுதான் தின்றிருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறார். (இந்த நிறுவனப் பெயர் ஒரு உள்குத்து. இந்தக் கேமை உருவாக்கிய ஸா/உம் குழுவின் பழைய பெயர் Fortress Accident இல்லை, Fortress Occident. ஆங்கிலத்தில் ஒரே எழுத்து வித்தியாசம்.)

இங்கே கவனியுங்கள். இந்த ஓட்டையை ஹாரி கனவில் காணவில்லை. கருவி காட்டுகிறது, சூனா காட்டுகிறார், கிம் பக்கத்தில் நிற்கிறார். காடோ மலையோ இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் மண்டியிட்டு ஜெபித்த கட்டடத்துக்குள் இருக்கிறது. பேல் எங்கே முளைக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூணாவது சேவ்:

அல்லது ஓட்டை முதலில் இருந்தது, அதைக் காவல் காக்கவே அங்கே சர்ச்சைக் கட்டினார்கள். இதுவும் பழைய தியரிதான். சாட்சி ஒன்று, இரண்டு பக்கமும் இழுக்கலாம்.

கணக்கப்பிள்ளை:

இழுக்கலாம். ஆனால் பேலுக்குள் லாரி ஓட்டிப் போய்வந்த அந்த அம்மாவைப் பாருங்கள், ரவுண்டானா நெரிசலில் நிற்பாரே. தன் நினைவு எது, அடுத்தவர் நினைவு எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் பேசுவார். பேலுக்குள் மனித நினைவுகள் மிதக்கின்றன என்பதற்கு ஃபாஸ்மிட்டும் தேவையில்லை, ஹாரியும் தேவையில்லை. ஜாய்ஸ் சொன்னதும் இவர் அனுபவமும் ஒத்துப்போகின்றன.

பச்சைத்தேநீர்:

மிதக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆற்றில் குப்பை மிதப்பதால் ஆற்றை உண்டாக்கியது குப்பை என்று ஆகிவிடாது. பேல் நினைவுகளை விழுங்குகிறது என்பதற்கு லாரிக்கார அம்மா சாட்சி. நினைவுகள்தான் பேலைப் பெற்றெடுத்தன என்பதற்கு இன்னும் அந்தப் பூச்சி மட்டுமே சாட்சி.

மூணாவது சேவ் சொன்ன பிணம் விஷயம் கனமானது. அதற்காகவே சேவ் செய்த கேமை மறுபடி திறந்து, குரல்கள் எங்கே சரியாகச் சொல்கின்றன, எங்கே கோட்டை விடுகின்றன என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு வரிசை தெரிகிறது.

பிணத்திடம் ஹாரிக்கு எதுவும் வேண்டியதில்லை. அங்கே குரல் சரி. கணவன் பலகைப் பாதையில் விழுந்து இறந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லப் போகும் இடம் ஞாபகமிருக்கிறதா? அங்கேயும் அவனுக்கு ஆதாயம் இல்லை. எம்பதி என்ற திறன் கொடுக்கும் குறிப்புகள் அவ்வளவு துல்லியம்; எந்த வார்த்தைக்கு அவள் எப்படி உடைவாள் என்பதுவரை தெரிகிறது. க்ளாஸ்யேவிடம் அவனுக்கு ஆசை இருக்கிறது. அங்கே எல்லாக் குரலும் விலைபோகிறது. கனவில் அவனை விட்டுப்போன காதலி டோரா வருகிறாள், அவளிடம் அவனுக்கு ஆசை மட்டும்தான் மிச்சம். அங்கே அவனுடைய மூளை ஒரு சாதாரணப் பெண்ணுக்கு அந்த உலகம் புனிதராக வணங்கும் டோலோரஸ் டேயின் வேஷத்தைப் போட்டு, நெஞ்சில் வெளிச்சத்தை வைத்து, தெய்வமாக்கி, அவன் முன்னால் நிறுத்திவிடுகிறது. பொய்யின் உச்சம் அது.

அதாவது, எங்கே அவனுக்கு ஏதாவது வேண்டுமோ அங்கே குரல் கெட்டுப்போகிறது.

இனி ஃபாஸ்மிட்டிடம் வருவோம். அவனுக்கு அதனிடம் என்ன வேண்டும்? தான் குற்றவாளி என்று யாராவது பெரிதாகச் சொல்ல வேண்டும். காதலி போனதற்கு, வேலை கெட்டதற்கு, குடித்ததற்கு என்று சில்லறைக் குற்றமாக இல்லாமல், உன் இனமே பிரபஞ்சத்தை அழிக்கிறது என்று. அதில் ஒரு சுகம் இருக்கிறது. "நான் கெட்டவன்" என்று குடித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், நாலாவது நிமிடத்தில் அதில் ஒரு பெருமை தொனிக்க ஆரம்பிக்கும். மனித மனம் உலகத்தையே தின்னும் என்றால் மனித மனத்துக்கு அதைவிடப் பெரிய பாராட்டு என்ன இருக்கிறது? ஹாரி மாதிரி ஆளுக்கு அந்த வாக்கியம் தேனில் தோய்த்தது.

அதனால்தான் அந்தச் சாட்சியை நான் தள்ளிவைக்கிறேன்.

வெள்ளைப்பகடை:

இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் சரக்கு. ஆனால் உங்கள் விதியை உங்களுக்கே திருப்புகிறேன்.

ஷிவர்ஸ். உடம்பு சார்ந்த திறன், ஆனால் அதன் வழியாகப் பேசுவது ரெவஷோல் நகரமே. எங்கோ ஒரு தெருவில் இந்த நொடியில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும். ஓர் இடத்தில் நகரம் நேரடியாகவே ஹாரியிடம் பேசும்: எனக்கு நீ வேண்டும், விழிப்பாக இரு, உன்னை நேசிக்கிறேன். ஆறு வருடமாகக் கைவிடப்பட்ட ஆளுக்கு ஒரு முழு நகரமே காதல் சொல்கிறது! ஆசை என்று பார்த்தால் இதைவிட ஆசை எங்கே? உங்கள் கணக்குப்படி ஷிவர்ஸும் போலி. அப்படியானால் வரப்போகும் அழிவைப் பற்றி அது தரும் எச்சரிக்கையும் போலியா?

எனக்கு அதைப் போலி என்று சொல்ல மனம் வரவில்லை. வாய்ஸ் ஆக்டிங் சேர்ந்த பிந்தைய பதிப்பான ஃபைனல் கட்டில் அதைக் கேட்டவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பச்சைத்தேநீர்:

அந்தக் காட்சி என் விதிக்கு முள்தான். நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: நகரத்தின் தெருக்களைக் காட்டும்போது ஷிவர்ஸ் சரி. "உன்னை நேசிக்கிறேன்" என்னும்போது அதே குரலில் ஹாரியும் கலந்துவிடுகிறான். ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது.

வெள்ளைப்பகடை:

வசதியாகக் கூறு போடுகிறீர்கள். பிடித்தது நகரம், பிடிக்காதது ஹாரியா? அதே கத்தியை எடுத்து நான் ஃபாஸ்மிட்டையும் வெட்டலாமே. பேலைப் பற்றிச் சொன்னது பூச்சி, அழிக்கப்போகிறீர்கள் என்று குற்றம்சாட்டியது ஹாரி.

தாலின்டிக்கெட்:

நீங்கள் எல்லோரும் கேமுக்குள்ளேயே சுற்றுகிறீர்கள். இதை எழுதியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று யாரும் பேசவில்லை.

கேமின் முதன்மை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தாலினில் பிறந்து வளர்ந்தவர். எஸ்தோனியா 1991-ல் சோவியத்திலிருந்து விடுபட்டபோது அவர் சின்னப் பையன். ஒரு முழு எதிர்காலமே ரத்தான இடத்தில் வளர்ந்த தலைமுறை. ரெவஷோலும் அப்படித்தான்: புரட்சியாளர்களின் கம்யூன் ஆட்சி நசுக்கப்பட்டது, கூட்டணிப் படைகள் வந்து உட்கார்ந்தன, சுவரெல்லாம் குண்டு ஓட்டை, மன்னரின் சிலை பாதி உடைந்து நிற்கிறது. 2019 கேம் அவார்ட்ஸ் விழாவில் நான்கு விருது வாங்கிய மேடையில் மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் நன்றி சொன்ன கூட்டம் இது. பேல் என்பது முடிந்துபோன வரலாறு. அது நிகழ்காலத்தைத் தின்கிறது. யார் உண்டாக்கினார்கள் என்று குற்றவியல் வழக்கு நடத்துவதே தப்பான கேள்வி.

இன்னொன்று. குர்விட்ஸ் 2013-ல் எஸ்தோனிய மொழியில் ஒரு நாவல் எழுதினார், இதே உலகம். அதில் பேல் உலகத்தையே விழுங்கிக்கொண்டு போகிறது.

மூணாவது சேவ்:

அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் எதை எழுதினாலும் சோவியத் உருவகம் என்று முத்திரை குத்துவது எனக்குச் சலித்துவிட்டது. அப்புறம் எதற்கு அந்தப் பூச்சி? உருவகத்துக்கு ஒரு குச்சிப்பூச்சி தேவையே இல்லையே.

நாவலில் பேல் உலகத்தை விழுங்குகிறது என்பதும் அது யார் செய்த வேலை என்பதைச் சொல்லவில்லை.

தாலின்டிக்கெட்:

முத்திரை இல்லை. சின்ன உதாரணம் தருகிறேன். தீவில் இருக்கும் அந்தக் கிழவனை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்சி தோற்று நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவன் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறான். வெளியே வந்தால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவன் பக்கத்து நாணலில்தான் ஃபாஸ்மிட் வாழ்கிறது. கிழவனின் புத்தி பேதலித்ததற்கே பூச்சி வெளியிடும் ஏதோ ரசாயனம் காரணம் என்று ஒரு தியரி உண்டு, தெரியும்தானே? எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பூச்சி இல்லாவிட்டாலும் அவன் அப்படித்தான் ஆகியிருப்பான்.

நெறியாளர்:

2022-க்குப் பிறகு நடந்த நிறுவனச் சண்டை, யார் வெளியேறினார்கள், யார் பக்கம் நியாயம் என்ற மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றிவிட்டேன். இங்கே கதை மட்டும்.

கணக்கப்பிள்ளை:

தாலின்டிக்கெட் கம்யூனை இழுத்ததால் ஒன்று கேட்கிறேன். ஃபைனல் கட்டில், 2021-ல் சேர்த்த கம்யூனிஸ்ட் குவெஸ்ட்டை எத்தனை பேர் விளையாடினீர்கள்? இந்த விவாதத்துக்கு ஃபாஸ்மிட்டை விட முக்கியமான சாட்சி அங்கே இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை.

ஸ்டெபான், யூலிக்ஸஸ் என்று இரண்டு மாணவர்கள். வாசிப்பு வட்டம் நடத்துகிறார்கள், வட்டத்தில் இருப்பதே அவர்கள் இருவர்தான். மற்ற எல்லோரையும் கொள்கை சரியில்லை என்று விரட்டிவிட்டார்கள். (எழுதியவர் யாரோ இப்படி ஒரு வட்டத்தில் உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறார், சத்தியம்.) இவர்கள் படிப்பது இக்னஸ் நில்சனின் இன்ஃப்ரா மெட்டீரியலிசம். மக்களின் புரட்சி நம்பிக்கையிலிருந்து ப்ளாஸ்ம் என்று ஒன்று சுரக்கிறதாம், அது பௌதிக உலகத்தையே மாற்றுமாம். கேட்டால் சிரிப்புதான் வரும்.

பிறகு தீப்பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டுவீர்கள். அந்த வடிவம் எந்த விதிப்படியும் நிற்கக் கூடாது. கேம் உருட்டும் பகடை சரியாக விழுந்தால் நிற்கிறது. சில நொடிதான், ஆனால் நிற்கிறது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பழசை விடாமல் நினைப்பதிலிருந்து பேல் சுரக்கிறது. வராத ஒன்றை நம்புவதிலிருந்து ப்ளாஸ்ம் சுரக்கிறது. கேம் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. மனம் பொருளை மாற்றும் என்பது அந்த உலகத்தின் இயற்பியல். அப்படியென்றால் பேல் மனிதச் சரக்கு என்பதற்கு ஃபாஸ்மிட்டின் வாய் தேவையில்லை, தீப்பெட்டிக் கோபுரம் போதும். அதை ஹாரி தனியாகவும் பார்க்கவில்லை.

பச்சைத்தேநீர்:

கணக்கப்பிள்ளை, இது நல்ல சாட்சி. ஃபாஸ்மிட்டை விடப் பல மடங்கு நல்ல சாட்சி. ஆனால் ஆசை விதி இங்கேயும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்த இரண்டு பையன்களுக்கும் ஹாரிக்கும் அந்தக் கோபுரம் நின்றே ஆக வேண்டும். உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் அது நிற்க வேண்டும், பார்த்ததும் அதே மூன்று பேர்.

கணக்கப்பிள்ளை:

அடேயப்பா. உங்களுக்கு எந்தச் சாட்சி சரிப்படும்? கிம் கையெழுத்துப் போட்டால்தான் உண்டா?

பச்சைத்தேநீர்:

ஏறக்குறைய அதேதான்! கிம் பார்த்தது, கருவி காட்டியது, படத்தில் விழுந்தது. இவை மூன்றையும்தான் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம் என்று கேமே கோடு போட்டுக் காட்டுகிறது. கடைசியில் ஹாரியின் பழைய போலீஸ் கூட்டாளி ஜீன் விக்மார் அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கரையில் நின்று விசாரிக்கும்போது, நாம் நீட்டக்கூடியது அந்தப் புகைப்படத்தைத்தான். பூச்சி சொன்னதை அல்ல. ஃபாஸ்மிட் தத்துவம் பேசியது என்று ஜீனிடம் சொல்லிப் பாருங்கள், வேலை போய்விடும்.

நாணல்:

முழு இழையையும் படித்தேன், ஒருவரும் லேனாவைப் பற்றிப் பேசவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது.

சக்கர நாற்காலியில் இருக்கும் வயதான பெண்மணி. கணவர் மோரெல் ஆயுள் முழுக்க விசித்திர உயிரினங்களைத் தேடி அலைபவர். லேனா சின்ன வயதில் நாணலில் ஃபாஸ்மிட்டைப் பார்த்ததாகச் சொன்ன கதையில்தான் மோரெல் அவரிடம் விழுந்தார். இப்போது லேனாவுக்கே தான் பார்த்தோமா, கற்பனையா என்று சந்தேகம். கற்பனை என்றால் இத்தனை வருட வாழ்க்கை எதன் மேல் நிற்கிறது என்று அரிக்கிறது. கணவரிடம் சொல்லவும் முடியாது. ஹாரியிடம் சொல்கிறார், யாரென்றே தெரியாத, முந்தின நாள்வரை தன் பெயரே ஞாபகமில்லாத ஆளிடம்.

பச்சைத்தேநீர் விதியை இவரிடம் வைத்துப் பாருங்கள். லேனாவுக்கு அந்தப் பூச்சி வேண்டும். உயிரே அதில்தான் இருக்கிறது. ஆசை இருந்தால் சாட்சி கெடும் என்றால் லேனாவின் நினைவுதான் முதலில் கெட்டிருக்க வேண்டும். ஆனால் பூச்சி இருந்தது. அவர் பார்த்தது நிஜம். கேமிலேயே யார் பேச்சை எல்லோரும் பரிவோடு கேட்டுவிட்டு நம்பாமல் விட்டார்களோ, அவர் சொன்னதுதான் உண்மையாகிறது.

உங்கள் விதி க்ளாஸ்யே வரைக்கும் சரி, டோரா வரைக்கும் சரி. நாணலுக்குள் வேலை செய்யவில்லை.

வெள்ளைப்பகடை:

👏

பச்சைத்தேநீர்:

இதற்கு உடனே பதில் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: லேனா பார்த்ததாகச் சொன்னார், பேசியதாகச் சொல்லவில்லை.

நாணல்:

அவரிடம் 24 குரல் இல்லை, அதனால் இருக்கலாம். 🙂

புதுவரவு:

நான் முதல் தடவைதான் முடித்தேன், உடம்பு சார்ந்த ஃபிசிக் திறன்களை அதிகம் வைத்து, மனம் சார்ந்த சைக்கி எல்லாம் அடிமட்டம். டை என்னிடம் அதிகம் பேசவே இல்லை. கூலிப்படையோடு நடக்கும் தீர்ப்பாயச் சண்டையில் பாட்டில் குண்டு வீசும்போது டையைத் திரியாக்கலாம் என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. அடுத்த ரவுண்டு எப்படிப் போகலாம்?

மூணாவது சேவ்:

இன்லாண்ட் எம்பயர், ஷிவர்ஸ் இரண்டையும் ஏற்றுங்கள். பிணத்திடம் கட்டாயம் பேசுங்கள். சர்ச் கதவை மூன்றாம் நாளே திறந்துவிடுங்கள், சூனாவுக்கு நேரம் வேண்டும். லேனாவை அவசரப்படுத்தாதீர்கள்.

பச்சைத்தேநீர்:

வொலிஷனையும் ஏற்றுங்கள், இவர்கள் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.